டெக்கரேட்டர் (பைத்தான்)

டெக்கரேட்டர் என்பது பைத்தான் நிரல்மொழியில் ஒரு செயற்கூற்றின் உள்நிரலை மாற்றாமலேயே அதற்குப் புதிய இயல்புகளைச் சேர்க்கும் முறையாகும். செயற்கூற்றின் வரையறைக்கு மேல்வரியில் @ குறியுடன் இதன் பெயர் எழுதப்படும். இவ்வெழுத்துமுறை 2004 இல் வெளிவந்த பைத்தான் 2.4 பதிப்பில் அறிமுகமானது.

டெக்கரேட்டர் ஒரு செயற்கூற்றை உள்ளீடாகப் பெற்று, பொதுவாக அதனை உள்ளடக்கிய உறைச் செயற்கூறு ஒன்றைத் திருப்பியளிக்கும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பிழை ஆகியவற்றை இவ்வுறை பதிவு செய்யுமாயின், எளிய செயற்கூறும் கண்காணிக்கத்தக்க பணிப்பாய்வின் ஒரு படியாகிறது. 2020 இல் வெளியான அப்பாச்சி ஏர்ஃபுளோ 2.0 மென்பொருள், பணிகளை இவ்வாறு வரையறுக்க வழிசெய்தது.

தோல்வியுற்ற பணியை உறையே மீண்டும் இயக்குமாறும் அமைக்கலாம். எனினும் பணம் செலுத்துதல் போன்ற பணிகள் மீளியக்கத்தால் இருமுறை நிகழக்கூடும். ஆகவே, எத்தனை முறை இயக்கினாலும் ஒரே விளைவைத் தருமாறு அச்செயற்கூறுகளை எழுதுதல் வேண்டும்.