விறகு பிளந்து படிச்ச சரித்திரம்

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16 விடியக்காலையில. அப்போ நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பட்டுக்கோட்டைப் பக்கத்துல இருக்குற எங்க ஊருக்கு ஒரு வழியா போய்ச் சேர்ந்தா கரண்ட் இல்ல, சிலிண்டர் தீர்ந்துபோச்சு, ரோடு பூரா மரம் கிடக்கு. கொல்லையில மட்டும் பத்து வருஷத்துக்குத் தேவையான விறகு!

"நான் பிளந்து தர்றேன் தாத்தா"ன்னு வீரமா கோடாலியைத் தூக்கினேன். ஒரு மணி நேரத்துல கைல கொப்புளம். பிளந்ததை எல்லாம் ஒரே குவியலாப் போட்டு, அம்மா அடுப்புப் பத்த வைக்கப் போகும்போது தாத்தா ஓடி வந்து ரெண்டு கட்டையை உருவி வெளில எறிஞ்சார்.

"ஏண்டா, அரளியைக் கொண்டாந்து சோறாக்குற அடுப்புல வைக்கிற?"

வாசல்ல பூவுக்காக வச்சிருந்த அரளி. அதோட விஷம் நேரா இதயத்தைத்தான் தாக்கும், புகை கூட ஆகாது. பட்டை உரிஞ்சு போனா எனக்கு அதுவும் ஒரு கட்டைதான். அன்னைக்குத்தான் உறைச்சது, நாலு வருஷம் என்னென்னமோ படிச்சேன், ஒரு கட்டையைப் பார்த்து இது என்ன மரம்னு சொல்லத் தெரியல.

அப்புறம் தாத்தா கிட்ட பாடம் ஆரம்பிச்சது. முதல்ல கையில தூக்கி கனம் பாரு. ரெண்டாவது, வெட்டு வாயில வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவுன்னு பாரு. (மரத்தோட நடுவுல இறுகிப்போன பகுதிதான் வைரம். 'வைரம் பாய்ஞ்ச கட்டை'ன்னு சொல்றது இதைத்தான்.) மூணாவது, கோடாலி எப்படி இறங்குதுன்னு பாரு. கடைசியா மோந்து பாரு.

பூவரசுன்னா வெள்ளைக்கு நடுவுல சாக்லேட் கலர்ல வைரம். புளியில வைரம் சின்னதா, கருஞ்சிவப்பா இருக்கும். நார் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்குறதால கோடாலி மாட்டிக்கும், ஆப்பு வச்சு அடிக்கணும். கறிக்கடையில புளியங்கட்டை போட்டிருக்குற ரகசியம் அதுதான், எத்தனை வெட்டுக்கும் பிளக்காது. வாகையை அறுத்தா தூள் மூக்குல ஏறி தும்மல் வரும். ஒதியன் பார்க்கத்தான் பருமன், தூக்கினா லேசு, அடுப்புல வச்சா புகைதான்.

தென்னைதான் எல்லாத்துக்கும் தலைகீழ். வெளிப்பக்கம் கெட்டி, உள்ள சோறு. கொல்லையில விழுந்து கிடந்ததுல முக்கால்வாசி தென்னைதான், விறகுக்குப் பெருசா உதவல. இந்த வித்தியாசத்தைத் தொல்காப்பியம் மரபியல்லயே சொல்லியாச்சு. உள்ளே வைரம் இருந்தா மரம், வெளியே வைரம் இருந்தா புல். அந்தக் கணக்குல தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லு! இன்னைக்குத் தாவரவியலும் தென்னையை ஒருவித்திலைத் தாவரம்னு புல்லோட பக்கத்துலதான் வைக்குது. கோடாலி பிடிச்சவன் சொன்னதைத்தான் புலவர் எழுதி வச்சிருப்பார்னு எனக்கு ஒரு சந்தேகம் :-)

ஆனா தாவரவியல்ல 'வன்மரம்'னா கெட்டியான மரம்னு அர்த்தம் இல்ல. பைன், தேவதாரு மாதிரி ஊசியிலை மரங்கள் எல்லாம் மென்மரம், பூத்துக் காய்க்கிற இருவித்திலை மரங்கள் எல்லாம் வன்மரம். அப்படிப் பார்த்தா நம்ம முருங்கையும் வன்மரம்தான்! பைன் மாதிரியே தெரியுற சவுக்கும் வன்மரம்தான். தாத்தா கிட்ட சொன்னேன். "அதை எரிச்சுப் பார்த்தவன் எழுதியிருக்க மாட்டான்"னார்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். கோடியக்கரை, முத்துப்பேட்டையை விட்டா டெல்டாவுல காடுன்னு பெருசா எதுவும் கிடையாது, எங்க பார்த்தாலும் வயல். அதனால வரட்டி, உமி, தென்னை மட்டை, வாய்க்கால் கரை பூவரசு, சாலையோரப் புளின்னு கிடைச்சதை வச்சுத்தான் அடுப்பு எரிஞ்சது. 1861ல நாகப்பட்டினத்துலேருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்துச்சு. சென்னை மாகாணத்துல நிலக்கரி கைக்கெட்டுற தூரத்துல இல்ல, எஞ்சினுக்கும் விறகுதான். அந்தப் பசிக்குத்தான் 1860கள்ல கடலோர மணல்ல சவுக்குத் தோப்பு போட ஆரம்பிச்சாங்க. பச்சையா இருந்தாலும் எரியும், தணல் நிக்கும். எஞ்சினுக்காக வந்த மரம் அப்படியே வீட்டு அடுப்புக்குள்ளயும் நுழைஞ்சிடுச்சு.

1870கள்ல அமெரிக்கக் கண்டத்துச் சீமைக்கருவேலும் சென்னை மாகாணத்துக்கு வந்துச்சு. இன்னைக்கு அதை எல்லாரும் திட்டுறோம், வெட்டச் சொல்லி கோர்ட் வரைக்கும் போயாச்சு. ஆனா சொந்தமா ஒரு குழி நிலம் இல்லாத எத்தனையோ வீட்ல அடுப்பு எரிஞ்சது அந்த முள்ளாலதான். 1934ல மேட்டூர் அணையும், நாங்க 'புது ஆறு'ன்னு சொல்ற கல்லணைக் கால்வாயும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் எங்க பக்கம் தென்னந்தோப்பு பெருகுச்சு. 2007ல இலவச கேஸ் அடுப்பு வந்துச்சு. கடைத்தெருவுல விறகுக் கடை ஒவ்வொண்ணா காணாமப் போச்சு.

அந்தக் குவியலை இப்போ நினைச்சா வரிசையா தெரியுது. பூவரசும் புளியும் ரயிலுக்கு முந்தின காலம். சவுக்கு ரயில் காலம். சீமைக்கருவேல் அதுக்கு அடுத்த பக்கம். தென்னை மேட்டூர்த் தண்ணி. கல்வெட்டுல ராஜா பேரு இருக்கும், விறகுக் குவியல்ல நம்ம சமையல்கட்டு இருக்கு.

கேஸ் வந்ததுல எனக்கு வருத்தமே இல்ல. புகையில கண்ணு எரிஞ்சது அம்மாவுக்கும் ஆயாவுக்கும்தான், எனக்கோ தாத்தாவுக்கோ இல்ல. ஆனா சிலிண்டர் வராத பத்து நாள்ல அரளி எது, பூவரசு எதுன்னு சொல்ல வீட்ல ஒரே ஒருத்தர்தான் இருந்தார். தாத்தா இப்ப இல்ல. அடுத்த புயல் எப்ப வரும்னு தெரியாது. நான் அவ்வளவையும் கத்துக்கல, ஏழெட்டு மரம்தான் தெரியும்.

அதுல அரளி ஒண்ணு. அது போதும்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுலேருந்துதான் ஆரம்பிக்கணும்.

உங்க வீட்ல கோடாலி பிடிச்ச கை இன்னும் இருந்தா, ஒரு நாள் கொல்லையில பக்கத்துல உக்காந்து கேட்டு வைங்க.