மலைநாட்டுத் தோட்டங்களிற் புகையிலை: ஒரு வரலாற்று நோக்கு

வெற்றிலையும் பாக்கும் தமிழர் வாழ்வில் தொன்மையானவை. உணவருந்திய கோவலனுக்குக் கண்ணகி அவற்றை அளித்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் வருகையின் பின்னரே நம் நாடுகளில் வேரூன்றியது. ஆயினும் அது விரைவில் நம்மவரை ஆட்கொண்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் அதனைப் பொருளாகக் கொண்டு புகையிலை விடு தூது பாடினார். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று.

கண்டியரசு 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமானபின், மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையால் வாடிய மக்கள் கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டனர். கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கின. கொழுந்து பறிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் கைக்கு வந்தது.

கொழுந்து பறிப்பவளுக்கு இரு கைகளுக்கும் ஓய்வில்லை. நுவரெலியா, ஹற்றன் மலைச்சரிவுகளிற் குளிரும் மழையும் மிகுதி. புகைத்தற்கு அங்கு வசதியில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலையோ வாயில் அடங்கியிருந்து பசியை மறக்கச் செய்து, உடற்கு ஒரு சிறு சூட்டையும் ஊக்கத்தையும் தரும். எனவே இதனை வெறும் பழக்கமென்று கொள்ளுதல் பொருந்தாது. வேலையின் இயல்பே அதனை வளர்த்தது.

கூலிமுறையும் அதற்குத் துணைநின்றது. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. எஞ்சிய தேவைகளுக்குக் கடையிற் கடன் வளர்ந்தது. கடனைத் தொழிலாளியோடு பிணைத்த துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது; ஆயின் கடன் ஒழியவில்லை. இதனை ஒத்த நிகழ்ச்சி பிறநாடுகளிலும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினர்க்குப் பண்ணைகளிலும் குடியேற்ற நிலையங்களிலும் மாவு, சீனி, தேயிலை ஆகியவற்றோடு புகையிலையும் பங்கீடாக அளிக்கப்பட்டது. இன்றும் அம்மக்களிடையே புகைத்தல் ஏனையோரினும் மிகுதி. நிலமும் உரிமையும் இழந்தோரிடத்தே புகையிலை நிலைபெற்றமை இரு வரலாறுகளும் தரும் பாடமாகும்.

இங்கே ஏற்றத்தாழ்வை அளக்கும் முறையையும் ஆராய்தல் வேண்டும். இலங்கைப் பெண்களுட் புகைப்போர் மிகச் சிலர். புகைத்தலை மட்டும் கணக்கிட்டால், தோட்டத்துப் பெண்கள் தீங்கிற்கு அப்பாற்பட்டவராகத் தோன்றுவர். மெல்லும் புகையிலையையும் சேர்த்துக் கணக்கிட்டாலோ, நகரத்தினும் கிராமத்தினும் தோட்டப் பகுதியே முன்னிற்கும். பெண்களும் அக்கணக்கினுள் வருவர். எதனை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே யார் கண்ணுக்குத் தெரிவர் என்பது அமைகிறது.

இதன் விளைவு சிறிதன்று. இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முதன்மையானது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பது என்பதை அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் உறுதிப்படுத்தியது. பாக்கு தனித்தும் அவ்வாறே தீங்கு செய்யும் என்பது 2003இல் முடிவாயிற்று. 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயதிற்குட்பட்டோர்க்குப் புகையிலை விற்பதைத் தடுத்தது. சிகரெட்டுப் பெட்டியின் எண்பது விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் 2015 முதல் இடம்பெற்றது. புகையற்ற புகையிலைப் பொருட்கள் 2016இல் தடைசெய்யப்பட்டன. ஆயினும் காகிதத்திற் சுற்றிய வெற்றிலைக் கூற்றில் எந்தப் படமும் இல்லை. அதனை மெல்லும் வழக்கமும் ஒழிந்துவிடவில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்கள், பல்லாண்டுகள் கழிந்தே அவ்வுரிமையை மீளப் பெற்றனர். அவர்தம் உடல்நலமும் அவ்வுரிமையின் ஒரு கூறேயாம். மெல்லாதே என்று மட்டும் அறிவுரை கூறுதல் எளிது. போதிய கூலி, வேலையிடத்து உணவும் ஓய்வும், வாய்ப் பரிசோதனை, தாய்மொழியில் விளக்கம் ஆகியவற்றை அளித்தலே கடினம். அக்கடினமான பணிக்கு மாணவரும் ஆசிரியரும் முன்வருவாராக. புகையிலையைப் பயிரிட்டும் விற்றும் பயனடைந்த தமிழ்ச் சமுதாயத்திற்கு இக்கடன் இன்னும் தீரவில்லை.