அணிலும் காக்காவும்: சிவகாசி தீப்பெட்டிப் படங்கள்

சின்ன வயசில் என்னைக் கடைக்கு அனுப்பும்போது "தீப்பெட்டி வாங்கிட்டு வா" என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். என்ன படம் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். படம் மாறிவிட்டால் மறுபடியும் கடைக்கு நடக்கணும். உள்ளே இருப்பது அதே குச்சிதானே, எதுக்கு இந்தப் பிடிவாதம் என்று அப்போது தோன்றும். சிவகாசி பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மழை பொய்க்கும் பூமி, கூலிக்கு ஆள் கிடைக்கும். அதுவரை இங்கே விற்றவை பெரும்பாலும் சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகள். 1923இல் சுவீடன் கம்பெனியே விம்கோ என்ற பெயரில் இந்தியாவில் இறங்கியது. அவர்களிடம் இயந்திரம், சிவகாசியிடம் கை.

கைத்தொழில் என்பதால் முதல் அதிகம் வேண்டாம். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் ஆரம்பித்தார். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ்: எல்லாருக்கும் ஒரே செய்முறைதான். விலையும் ஏறக்குறைய ஒன்றே. அப்போ எதை வைத்து வேறுபடுத்திக் காட்டுவது?

படத்தை வைத்துத்தான். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கம்பெனிப் பெயர் அவர்களுக்கு உதவாது. பார்த்த உடனே வாயால் சொல்லிக் கேட்கிற மாதிரி படம் வேணும். பிற்பாடு இருவரும் தனித்தனியாகத் தொழில் செய்தபோது அய்ய நாடாருக்கு அணில், சண்முக நாடாருக்குக் காக்கா. மழைக்காலத்தில் நமுத்துப் போகாமல் பற்றிய பெட்டியில் அணில் இருந்தால், அடுத்த தடவையும் அணில்தான். படம் என்பது வாங்குகிறவரின் ஞாபகத்துக்கு ஒரு கொக்கி. எங்கள் வீட்டுப் பிடிவாதமும் அதுதான்.

சிக்கல் என்னன்னா, படத்தைக் காப்பியடிப்பது குச்சி செய்வதைவிட சுலபம். நிறம், சட்டம், நிற்கிற கோணம் எல்லாம் அப்படியே வைத்து மிருகத்தை மட்டும் மாற்றினால் போதும். வணிகச் சின்ன வழக்குகளில் நீதிமன்றங்கள் பின்பற்றும் விதி இங்கே கச்சிதமாகப் பொருந்தும்: இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது, அரைகுறை ஞாபகத்தோடு வரும் சாதாரண ஆள் ஏமாறுவாரா என்றுதான் பார்க்கணும்.

இந்தப் படங்களுக்காக வந்த அச்சகங்கள்தான் பிறகு நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுத்தன. பக்கத் தேவை ஒன்று தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

ஒன்றுமட்டும் உறுத்துகிறது. குச்சி அடுக்கியதிலும் பெட்டி ஒட்டியதிலும் பல காலம் குழந்தைகளின் விரல்களும் இருந்தன. தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் தடை செய்தது. அணில், காக்கா, கப்பல் என்று எத்தனையோ படங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எங்கள் வீட்டில், உள்ளே குச்சியை அடுக்கியது யார் என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. அதைச் சொல்கிற படம் எந்தப் பெட்டியிலும் இல்லை. படம் மாறியதற்காகத் திரும்பி நடந்த நானும் அப்போது கிட்டத்தட்ட அந்த வயசுதான்.