முப்பது லிட்டரும் மூன்று எல்லைக் கோடுகளும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர். அது புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என்று மறுபடியும் புதுச்சேரி. அதற்கப்புறம் வளவனூர், தமிழ்நாடு. ஆக, ஒரு லாரி ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை எல்லை தாண்டிவிடுகிறது! பாகூர் பக்கமும் இதே கதைதான். 1749ல் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்களைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்ததில் தொடங்கிய ஒட்டுத்துணி வரைபடம் இது.

இந்தச் சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் பின்புறம் 1203 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலுக்கு ஐ.நா. வகைப்பாட்டில் உள்ள எண் அது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 129 முதல் 137 வரையிலான பகுதி அபாயகரமான சரக்குகளுக்கானது. வண்டியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். சரக்கைப் பற்றிய விவரத்தை அனுப்புபவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இந்திய மொழி ஒன்றுடன் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே சாலையில், அந்த லாரிக்குப் பக்கத்திலேயே, டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் காலுக்கு நடுவே கேனை வைத்துக்கொண்டு ஒருவர் போவார். கேனில் இருப்பதும் 1203தான். அவரிடம் பலகையும் இல்லை, காகிதமும் இல்லை. சட்டப்படி இது சரியா?

சரி என்றும் சொல்லலாம், தவறு என்றும் சொல்லலாம். அதற்கு 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்துக்குப் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் மண்ணெண்ணெய். நம் கிராமங்களில் சீமெண்ணெய், கிருஷ்ணாயில் என்றெல்லாம் பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்தும் பிறகு ருஷ்யா, பர்மாவிலிருந்தும் வந்தது. நான்கு காலன் தகர டின், ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு டின். (எண்ணெய் தீர்ந்தபின் அந்த டின் தண்ணீர்க் குடமானது, கூரையானது, அரிசி அளக்கும் படியும் ஆனது.) மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போன சரக்கு இது. விளக்கெரிக்க ஒரு டின் வாங்கிப் போகிறவரையெல்லாம் உரிமம் கேட்டால் நாடே இருட்டில் கிடக்கும். அதனால் 1886, 1899 என்று வரிசையாக வந்த பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்கள் எண்ணெயை இரண்டாகப் பிரித்துப் பார்த்தன: எளிதில் தீப்பற்றுவது, அவ்வளவு எளிதில் பற்றாதது. எண்ணெயின் ஆவி எந்த வெப்பநிலையில் தீப்பொறி பட்டால் பற்றுகிறது என்பதே அளவுகோல்.

1934 சட்டமும் அதே வழிதான். பிற்காலத் திருத்தங்களுக்குப் பிறகு அது இப்படி இருக்கிறது: 23 பாகை செல்சியஸுக்குக் கீழே பற்றுவது ‘ஏ’ வகுப்பு, பெட்ரோல் இதில் வரும். 23 முதல் 65 வரை ‘பி’, மண்ணெண்ணெயும் டீசலும் இதில். அதற்கு மேல் 93 வரை ‘சி’.

விதிவிலக்குகள் 7, 8, 9 ஆகிய பிரிவுகளில் இருக்கின்றன. டீசல் ஓரிடத்தில் 2500 லிட்டர் வரை, எந்தப் பாத்திரமும் 1000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். வண்டிக்காரர் எரிபொருள் டேங்கில் உள்ளது போக 90 லிட்டர் வரை தன் வண்டிக்கென்று வைத்திருக்கலாம். பழைய கணக்கில் இது ஏறக்குறைய 20 காலன். 9ஆம் பிரிவின் சலுகை நிலையாக நிற்கும் என்ஜின்களுக்கும் உண்டு. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூரில் ஆயில் என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் 1934ல் இந்தச் சட்டம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் பொருந்தாது. அவை பிரெஞ்சு மண். கண்டமங்கலத்தில் ஒரு சட்டம், அரியூரில் இன்னொரு சட்டம். 1941ல் இரு தரப்புக்கும் சுங்க ஒன்றியம் ஏற்பட்டது; 1949ல் அது முடிவுக்கு வந்ததும் எல்லையில் சுங்கச் சோதனை கடுமையானது. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18ல் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல். இந்தியச் சட்டங்கள் பல 1960களில் படிப்படியாக இங்கே நீட்டிக்கப்பட்டன.

அதோடு சட்டத்தில் இருந்த எல்லை போய்விட்டது. வரியில் இருக்கும் எல்லை போகவில்லை. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, மாநிலத்துக்கு மாநிலம் மதிப்புக் கூட்டு வரி வேறு. புதுச்சேரியில் விலை பொதுவாகக் குறைவு. எல்லையோரம் பெட்ரோல் பங்குகள் வரிசை கட்டி நிற்பதன் ரகசியம் அதுதான். வண்டியில் நிரப்பியது போக, ஒரு கேனிலும் வாங்கிக்கொள்ளத் தோன்றுவது இயல்பு.

இப்போது அந்தக் கேன்காரருக்கு வருவோம். 8ஆம் பிரிவின்படி விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமமின்றிக் கொண்டுபோகலாம். இதுவரை சரி. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் பகுதியை யாரும் படிப்பதில்லை. பாத்திரம் கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகத்தால் ஆனதாக, இறுக மூடியதாக இருக்க வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக் என்ற சொல்லே அங்கே இல்லை! 1934ல் பிளாஸ்டிக் கேன் ஏது? ஆகவே பீங்கான் ஜாடியில் பெட்ரோல் கொண்டுபோகிறவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு, தண்ணீர் பாட்டிலில் கொண்டுபோகிறவருக்கு இல்லை. அளவை வைத்து வந்த சலுகை பாத்திரத்தில் வந்து நின்றுபோகிறது.

இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல. விதிவிலக்குகள் எவ்வளவு, எதற்காக, எதில் என்று கேட்கின்றன. வெயிலில், மேடு பள்ளத்தில், சூடான என்ஜினுக்குப் பக்கத்தில், குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போகும் இரு சக்கர வண்டியை அவை நினைத்துப் பார்க்கவில்லை. (எரிவாயு சிலிண்டர் விதிகள் நினைத்துப் பார்த்தன: 2004ஆம் ஆண்டு விதிகள், நிரப்பிய சிலிண்டரை சைக்கிளிலோ இரு சக்கர மோட்டார் வண்டியிலோ கொண்டுபோகக் கூடாது என்றன. தெருவில் நடப்பது வேறு.)

பட்டாசு விஷயத்தில் சட்டம் வேறு, 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம் என்ற சிந்தனை அங்கேயும் உண்டு. ஆனால் எல்லா வெடிக்கும் அல்ல. கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிகளைத் தயாரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் 1992லேயே தடை வந்துவிட்டது. வாங்குகிற சாதாரண ஆளுக்குப் பைக்குள் என்ன கலவை என்று எப்படித் தெரியும்?

2021 நவம்பர் 4, தீபாவளி. புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் நாட்டுப் பட்டாசு மூட்டைகளோடு போன ஸ்கூட்டர் வெடித்துச் சிதறியது. ஓட்டிவந்த தந்தையும், அவரோடு வந்த 7 வயது மகனும் அங்கேயே இறந்தார்கள். சாலையில் போன வேறு சிலரும் காயமடைந்தார்கள்.