இரண்டாம் முறைமையும் வன்றட்டின் முதற்கூறும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியொன்றில் லினக்ஸ் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்க, அதன் அருகே இன்னொரு பணிசெயல் முறைமையை, இறுவட்டோ யூ.எஸ்.பி. நினைவகமோ வெளியிலிருந்து கொண்டுவராது நிறுவ முடியுமா என்னும் வினா, தொழினுட்பவியலாளர்க்கு மட்டுமே உரியதொரு சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயின் அதன் வரலாற்றை ஆராயுமிடத்து, பொறியொன்று விழித்தெழும் முதற் கணத்தின்மீது அதிகாரம் செலுத்துபவர் யார் என்னும் பெருவினா அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம். இவ்விரு வினாக்களுக்கும் இடையிலான தொடர்பே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் மனங்கொள்ள வேண்டியது, லினக்ஸும் தன் பிறப்பில் ஓர் இரண்டாம் முறைமையே என்பதாகும். 1991 ஜனவரியில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் 386 வகைக் கணினியொன்றை வாங்கினார். பேராசிரியர் அன்ட்ரூ ரனன்போம் கற்பித்தலின் பொருட்டு 1987இல் வெளியிட்ட மினிக்ஸ் முறைமையை அதில் நிறுவினார். அவரது புதிய கருனி மினிக்ஸினுள் இருந்தவாறே எழுதப்பட்டது, அதனுள்ளேயே தொகுக்கப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் வெளிவந்த 0.01 பதிப்பு மினிக்ஸின் கோப்பமைப்பையே பயன்படுத்தியது. மினிக்ஸின் துணையின்றி அதனைத் தொகுத்தலும் இயலாதிருந்தது. பின்னர் ஒருநாள், தொலைபேசி இணைப்பியை நோக்கி விடுத்த கட்டளை தவறுதலாக வன்றட்டுக்குச் செல்ல, மினிக்ஸ் இருந்த பகுதி சிதைந்ததென்றும், அதனை மீள நிறுவாது லினக்ஸுடனேயே தொடரத் தாம் முடிவு செய்ததாகவும் ரோவால்ட்ஸ் 2001இல் வெளியான தமது நினைவுநூலிற் கூறுகின்றார். இருக்க இடங்கேட்டு வந்தது வீட்டுக்கு உரியதாயிற்று.

இவ்வாறு இரு முறைமைகள் ஒரே வன்றட்டில் வாழ இடமளித்த ஏற்பாடு 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எக்ஸ்.ரி. கணினியுடனும் டொஸ் 2.0 பதிப்புடனும் தோன்றியது. வன்றட்டின் முதற்கூறு 512 பைற்றுகள் கொண்டது. அவற்றுள் 446 பைற்றுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைற்றுகள் பகுதிகளின் அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைற்றுகள் அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டன. அட்டவணையில் நான்கு பகுதிகளைப் பதியலாம். ஆனால் தொடக்க நிரல் ஒன்றுதான். நிலத்தை நால்வருக்குப் பங்கிட்டு, வாசலை ஒன்றாக வைத்த ஏற்பாடு இது. பிற்காலப் பூசல்களின் வித்து இம்முரண்பாட்டிலேயே கிடந்தது எனலாம். விண்டோஸை நிறுவியபோது அது முதற்கூறிலிருந்த பிற நிரலைக் கேளாமலே அழித்துத் தன் நிரலை எழுதியமை பயனர் பலர் அறிந்ததே.

வாசலைப் பொதுவாக்கும் முயற்சிகளுள் தலையாயது கிறப் ஆகும். எரிக் பொலின் 1995இல் குனூ ஹேர்ட் கருனியை இயக்கும் பொருட்டு இதனைத் தொடங்கினார். 1999இல் அது குனூ திட்டத்தின் பகுதியாயிற்று. கிறப் கோப்பமைப்புக்களை வாசிக்க வல்லது. அதன் இரண்டாம் தலைமுறை, வன்றட்டிலுள்ள இறுவட்டுப் படிமக் கோப்பொன்றையே வட்டாகக் கொண்டு, அதனுள் உள்ள கருனியை நினைவகத்தில் ஏற்றுகின்றது. படிமம் எங்குள்ளது என்பதை நிறுவு நிரலுக்கு அறிவித்துவிட்டால் வெளிச்சாதனம் வேண்டியதில்லை. ஆயினும் படிமம் கிடக்கும் பகுதி பயன்பாட்டில் இருப்பதால், நிறுவுதல் நடைபெறுகையில் அதனை மாற்றியமைக்க இயலாது. புதிய முறைமைக்குரிய வெற்றிடத்தை முன்னரே ஒதுக்கல் வேண்டும்.

இன்னொரு வழி இதனினும் பழைமையான வேர்களை உடையது. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற சிறூற் என்னும் வசதி, அடைவொன்றையே முழுக் கோப்பமைப்பின் வேராகக் கருதச் செய்கின்றது. இதனைத் துணையாகக் கொண்டு, இயங்கும் லினக்ஸில் இருந்தவாறே வெற்றுப் பகுதியொன்றில் டெபியன் முறைமையை அடித்தளத்திலிருந்து எழுப்பலாம். டெபியனின் நிறுவல் வழிகாட்டியே இதற்கெனத் தனிப் பகுதியொன்றைக் கொண்டுள்ளது. மினிக்ஸினுள் லினக்ஸ் உருவான முறைக்கு இது மிக நெருங்கியதாகும். விண்டோஸைப் பொறுத்தவரை வழி கடினமானது. கிறப் திறந்துகாட்டும் படிமத்தை, கட்டுப்பாடு தன் கைக்கு வந்தபின் விண்டோஸ் காண்பதில்லை. எனவே நிறுவற் கோப்புக்களைத் தனியொரு பகுதியிற் பிரித்து வைத்து, அதன் தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டியுள்ளது.

தொழினுட்பம் அனுமதித்ததை வணிகம் தடுக்கக்கூடும் என்பதற்கு பி.ஓ.எஸ். முறைமையின் கதை சான்றாகும். 1990களின் இறுதியில் ஹிட்டாச்சி தன் கணினிகள் சிலவற்றில் விண்டோஸுடன் பி.ஓ.எஸ்.ஸையும் நிறுவி விற்றது. எனினும் கணினி தொடங்குகையில் அதனைத் தெரிவு செய்யும் வாய்ப்பு பயனரின் கண்ணுக்குப் புலப்படவில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணமென பி நிறுவனம் குற்றஞ்சாட்டி, 2002இல் வழக்குத் தொடுத்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலே மைக்ரோசொப்ட் 2003இல் 2 கோடியே 32½ இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் பி நிறுவனம் தன் உடைமைகளை விற்றுவிட்டிருந்தது. வட்டில் இடமிருந்தும் வாசலில் இடமில்லாத முறைமையின் முடிவு அதுவாயிற்று.

பின்னர் வந்த யூ.ஈ.எப்.ஐ. ஏற்பாடு, ஒவ்வொரு முறைமைக்கும் தொடக்கப் பகுதியிற் தனி அடைவை அளித்து, ஒருவர் நிரலை மற்றவர் அழிக்கும் தேவையை நீக்கியது. ஆனால் 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதி, கையொப்பமிடப்பட்ட நிரல்களை மட்டுமே இயங்க விடுகின்றது. பெரும்பாலான கணினிகளில் அக்கையொப்பத்துக்குரிய சாவி மைக்ரோசொப்டினுடையது. லினக்ஸ் வெளியீடுகள் பலவும் தம் முதல் நிரலுக்கு அந்நிறுவனத்தின் கையொப்பத்தையே பெறுகின்றன. தீய நிரல்களைத் தடுப்பதில் இதன் பயன் மறுக்கற்பாலதன்று. விண்டோஸ் 8 சான்றிதழ் பெற்ற சாதாரண கணினிகளில் உரிமையாளர் இதனை நிறுத்திவைக்க வழி இருத்தல் வேண்டும் என்பது விதியாயிருந்தது. 2015இல் விண்டோஸ் 10 உடன் அது உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

வாசல் பலவாயின, காவலும் சாவியும் ஓரிடத்திற் குவிந்தன. எனவே, வெளிச்சாதனமின்றி இரண்டாம் முறைமையை நிறுவுதல் வெறும் சிக்கன உத்தியன்று. தன்னுள் இருந்தே மற்றொன்றைத் தோற்றுவிக்கும் ஆற்றல் பொறிக்கு உண்டு. அதனைப் பயன்படுத்தும் உரிமை பொறியை விலைகொடுத்து வாங்கியவரிடம் இருத்தல் வேண்டும். அவ்வுரிமை 1991இல் ஒரு மாணவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்ததனாற்றான் லினக்ஸ் பிறக்க முடிந்தது. அத்தகைய இன்னொரு பிறப்புக்கு நாளைய கணினிகள் இடமளிக்குமா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.