நாய்க்கு ஆறு மாதச் சிறை

பாரீஸிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற நேரம்தான். இங்கே காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் அடுத்த காபியை அங்கே போய்க் குடிக்கலாம். ஆனால் கூடவே ஒரு நாயும் வருகிறது என்றால் கதையே வேறு.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் மாலை நடைக்கு வந்தபோது இந்தப் பேச்சை எடுத்தார். அவர் மகளுக்குப் பாரீஸில் வேலை. இப்போது லண்டனுக்கு மாற்றல். வீட்டில் நான்கு வருடமாக ஒரு நாய் வளர்க்கிறாள். "சார், நீங்கதான் முப்பது வருஷம் ஏர் கார்கோவுல இருந்தீங்களே, பக்கத்து நாட்டுக்குப் போறதுக்கு நாயை சரக்கு மாதிரி புக் பண்ணணுமாம், இது என்ன நியாயம்?" என்று கேட்டார். நியாயம் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல நூற்று இருபது வருடம் பின்னால் போக வேண்டும் என்றேன். அன்று நடந்துகொண்டே சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் இன்றைய விதி. பிரான்ஸிலிருந்து பிரிட்டனுக்கு விமானத்தில் வரும் நாய் பயணியின் காலடியிலோ, பயணியின் லக்கேஜோடோ வர முடியாது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்ற எல்லா நாய்களும் பூனைகளும் தனி ஏர்வே பில்லோடு, சரக்காகத்தான் வந்து இறங்க வேண்டும். ஹீத்ரோவில் இறங்கினால் நேராக விலங்கு வரவேற்பு மையத்துக்குக் கொண்டுபோவார்கள். அதை நடத்துவது லண்டன் நகராட்சி அமைப்பு. அங்கே தோலுக்கடியில் இருக்கும் அரிசி அளவு சிப்பை ஒரு கருவியால் படித்து, அதிலுள்ள 15 இலக்க எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு 21 நாள் ஆகியிருக்க வேண்டும். சிப் வைத்த பிறகு, அல்லது அதே நாளில் போட்ட ஊசிதான் கணக்கு. அதற்கு முன்னால் போட்டது செல்லாது. நாய்க்கு நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் வந்து இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். அது ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய்.

இந்த நோயின் கொடுமை அதன் நிதானத்தில் இருக்கிறது. கடித்த இடத்தில் நுழையும் கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதுவரை நாய் நன்றாகச் சாப்பிடும், வாலாட்டும், விளையாடும். அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். ஆகவே துறைமுகத்தில் நிற்கும் கால்நடை மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பார்த்த மாத்திரத்தில் ஒரு நாய் பத்திரமானதா என்று சொல்ல முடியாது. அடைத்து வைத்துக் காத்திருந்து பார்ப்பதுதான் ஒரே வழியாக இருந்தது.

பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை வெறிநாய்கள் இருந்தன. அப்போது விவசாய இலாகாவுக்குத் தலைவராக இருந்த வால்டர் லாங் என்பவர், நாய்களுக்குக் கட்டாயம் வாய்க்கூடு போட வேண்டும் என்று 1897-ல் உத்தரவு போட்டார். நாய் பிரியர்கள் கொதித்துப்போனார்கள். மனிதர் அசையவில்லை. அதே வருடம், வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை அனுமதிச் சீட்டு இல்லாமல் இறக்கக் கூடாது, இறக்கினால் அடைத்து வைக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது. 1902-க்குள் நாட்டில் ரேபிஸே இல்லாமல் போயிற்று. அடைத்து வைக்கும் காலம் ஆறு மாதம் என்று நிலைத்தது.

முதல் உலகப் போர் இந்தக் கோட்டையில் ஓட்டை போட்டது. பிரான்ஸ் போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், அங்கே பழகிய நாய்களை ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். பதுங்குகுழியில் கூடவே படுத்துக் கிடந்த பிராணியை விட்டுவர யாருக்குத்தான் மனது வரும்? அந்தப் பாசத்தோடு நோயும் வந்தது. 1918-ல் பிளிமத் பக்கம் தொடங்கிய வெறிநோயை ஒழிக்க 1922 வரை ஆயிற்று. அதன்பின் பிரிட்டிஷ் அரசு ஆறு மாத விதியில் யாருக்கும் தளர்வு காட்டவில்லை.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. லூயி பாஸ்டர் 1885-ல் பாரீஸில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றினார். இந்தியாவில் அதற்கான நிலையம் 1900-ல் இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் ஏற்பட்டது. தெற்கே குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் வந்தது. அதற்குப் பணம் தந்தவர்களில் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் முக்கியமானவர். ஊட்டிக்குப் போகிற வழியில் சிம்ஸ் பூங்காவைப் பார்த்தவர்கள், எதிரே இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தையும் பார்த்திருப்பீர்கள்.

என் வயதுக்காரர்களுக்கு வேறொரு ஞாபகமும் வரும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி. கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்து அது. ஆட்டின் மூளையிலிருந்து தயாரிப்பார்கள். தெருவில் யாரையாவது நாய் கடித்துவிட்டால், அந்தப் பையன் பள்ளிக்கு வராத நாட்களை எண்ணியே எத்தனை ஊசி ஆயிற்று என்று சொல்லிவிடுவோம். அந்தப் பழைய மருந்தைத் தயாரிப்பதை இந்தியா 2004 கடைசியில்தான் நிறுத்தியது. இப்போது கையில் போடும் ஊசி சிலவற்றோடு முடிந்துவிடுகிறது.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில், சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும் நாய்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு எங்கள் கைக்கு வரும். பெரும்பாலும் ஒப்பந்த வேலைக்கு வந்து திரும்பும் ஆங்கிலேயக் குடும்பங்களின் நாய்கள். கூண்டை நம் ஊர்த் தச்சரிடம்தான் செய்வோம். நாய் நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். நான்கு பக்கமும் காற்றுத் துளை. வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றுகிற மாதிரிக் கிண்ணம். மயக்க மருந்து கொடுக்கக் கூடாது, மேலே போனபின் மூச்சு தடுமாறும். மூக்கு சப்பையான பக் போன்ற ஜாதிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஒரு தடவை ஒரு லாப்ரடார் குட்டி போயிற்று. ஏழு மாதம் இருக்கும். வழியனுப்ப வந்த சின்னப் பெண், "நாங்கள் நாளைக்குப் போகிறோம், இவனும் நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடுவானா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் அப்பா என்னை முந்திக்கொண்டு, "கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவான்" என்றார். அப்போது ஜூன் மாதம். அந்தக் குட்டி கூண்டுக்குள்ளேயே பெரிய நாயாகிவிட்டுத்தான் வெளியே வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் பழத்தோடும் பொம்மையோடும் கென்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்களாம். சிறையில் மனு போட்டுப் பார்ப்பது மாதிரி.

இத்தனை செய்தும் சுவர் முழுப் பாதுகாப்பு தரவில்லை. 1969-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஃப்ரிட்ஸ் என்ற டெரியர், ஆறு மாதம் முழுவதும் அடைபட்டிருந்து வெளியே வந்தது. பத்தே நாளில் கேம்பர்லி என்ற ஊரில் வெறி பிடித்து இரண்டு பேரைக் கடித்தது. அது ஓடிய காட்டுப் பகுதியில் இருந்த நரிகளையும் மற்ற பிராணிகளையும் துப்பாக்கி வைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகியது.

இறுகியதற்கு இன்னொரு காரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஐரோப்பாவில் நரிகளிடம் ரேபிஸ் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்துகொண்டே வந்தது. 1968-ல் பிரான்ஸுக்குள் நுழைந்துவிட்டது. இங்கிலீஷ் கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர்தான். கால்வாய்க்கு அடியில் சுரங்க ரயில் பாதை போட்டபோது, பிரெஞ்சு நரி நடந்தே வந்துவிடுமோ என்று பயந்து, வேலியும் மின்தடுப்பும் வைத்தார்கள்.

நரியைப் பிடித்து ஊசி போட முடியுமா? இங்கேதான் சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1978-ல் கோழித்தலைக்குள் சொட்டு மருந்தை வைத்து, ரோன் பள்ளத்தாக்கில் நரிகள் நடமாடும் இடங்களில் போட்டார்கள். கறிக்கடையில் யாரும் வாங்காமல் தூக்கி எறிகிற கோழித்தலை! நரி கடித்துத் தின்றது, மருந்தும் உள்ளே போயிற்று, நோய் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டவில்லை. பின்னால் பிரான்ஸும் ஜெர்மனியும் இதையே பெரிய அளவில் செய்தன. தொழிற்சாலையில் செய்த மருந்துக் கட்டிகளை ஹெலிகாப்டரிலிருந்து காடுகளில் கொட்டினார்கள். 2001-ல் பிரான்ஸ் ரேபிஸ் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது.

அண்டை வீட்டில் நோய் குறையக் குறைய, இந்தப் பக்கம் ஆறு மாதச் சிறை எதற்கு என்ற கேள்வியும் வலுத்தது. ஹாங்காங்கின் கடைசி ஆங்கிலேய கவர்னர் கிறிஸ் பேட்டன் வளர்த்த விஸ்கி, சோடா என்ற இரண்டு டெரியர்களும் அந்த நாளில் பத்திரிகைகளில் வெகு பிரசித்தம். பேட்டனும் ஆறு மாத விதியை மாற்றச் சொன்னவர்களில் ஒருவர். அதற்குள் விஞ்ஞானமும் கைகொடுத்தது. சிப் வந்தது, அதனால் நாய் மாறாட்டம் செய்ய முடியாது. ரத்தப் பரிசோதனை வந்தது. தடுப்பூசி உடம்பில் வேலை செய்கிறதா என்று ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 யூனிட் என்ற அளவுகோலை வைத்துச் சொல்லிவிடலாம். பேராசிரியர் இயன் கென்னடி தலைமையில் அரசு அமைத்த குழு 1998-ல் கூண்டை விட்டுவிட்டு ஊசிக்கும் சோதனைக்கும் மாறலாம் என்றது. 2000 பிப்ரவரி 28 அன்று மேற்கு ஐரோப்பிய நாடுகளின் நாய்கள் கூண்டுக்குப் போகாமல் பிரிட்டனுக்குள் நுழைந்தன. நூறு வருடப் பழக்கம் அன்று முடிந்தது. 2012-ல் ஐரோப்பிய நாய்களுக்கு ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை என்றாகி, 21 நாள் காத்திருப்பு மட்டும் மிஞ்சியது.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர் மகளுக்கு ஒரு யோசனையும் சொன்னேன். சுரங்கப் பாதையில் காரை ஏற்றிக்கொண்டு போகும் ரயில் இருக்கிறது. அதில் நாய் சொந்தக்காரரோடு காரிலேயே உட்கார்ந்து வரலாம், 35 நிமிடம்தான். அங்கேயும் சிப், ஊசி, நாடாப்புழு மருந்து எல்லாம் உண்டு. சரக்குக் கட்டணமும் கூண்டும் மிச்சம், நாய்க்கும் பயம் இல்லை.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது வேறு. வாய்க்கூடும் கூண்டும் ஒரு தீவைக் காப்பாற்றின, மறுக்கவில்லை. ஆனால் கூண்டின் கதவு திறந்தது, கடலுக்கு அந்தப் பக்கம் காட்டில் விழுந்த மருந்தால்தான். பக்கத்து ஊரில் நோய் தீர்ந்தபோது இந்த ஊர் வேலியின் உயரமும் தானே குறைந்தது.

இன்றைக்கும் சென்னையிலிருந்து ஒரு நாய் லண்டனுக்குப் போக வேண்டுமானால் தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த நாய் எவ்வளவு செல்லமாக, எவ்வளவு சுத்தமாக வளர்ந்தாலும் சரி. அதைக் காக்க வைப்பது நம் தெருக்கள். உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் குழந்தைகள் அதிகம். 2030-க்குள் நாய்களால் வரும் ரேபிஸ் சாவே இல்லாமல் செய்ய வேண்டும் என்று உலக நாடுகள் குறி வைத்திருக்கின்றன. நம் அரசும் 2021-ல் அதற்கொரு திட்டம் வெளியிட்டது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 100-க்கு 70-க்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறார்கள்.

ஆகவே உங்கள் தெருவுக்கு மாநகராட்சி வண்டி ஊசி போட வந்தால், நாய் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்ளாமல், எந்த நாய் எந்தத் திண்ணையில் படுக்கும் என்று காட்டிக்கொடுங்கள். அந்த விவரம் நம்மைப் போல் ஓய்வு பெற்று வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை விட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?