பக்கிளின் சுழல் துப்பாக்கி

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் வென்ற கருவிகளையே பெரிதும் போற்றுவர். தோற்றவற்றுள் ஒன்றை ஈண்டு நோக்குவாம்.

இலண்டன் நகரத்து நொத்தாரிசும் நூலாசிரியருமாகிய யேம்ஸ் பக்கிள் என்பார் 1718 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு துப்பாக்கிக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றார். முக்காலியின்மேல் நிறுத்திய ஒற்றைக் குழாயின் பின்னே, பல அறைகளையுடைய உருளையொன்று பொருத்தப்பட்டிருந்தது. அதனைக் கையாற் சுழற்ற, மருந்தும் குண்டும் நிறைந்த அறைகள் ஒவ்வொன்றாய்க் குழாய்க்கு நேரே வந்து நிற்கும். கிறித்தவரைச் சுடுதற்கு உருண்டைக் குண்டு, துருக்கரைச் சுடுதற்குச் சதுரக் குண்டு எனப் பத்திரத்துப் படம் வகுத்துரைத்தது. இதனாலேயே பின்வந்தோர் கருவி முழுவதையும் நகைப்புக்குரியதாக்கினர். சதுரக் குண்டு நகைக்கத்தக்கதே. அது குறிதவறிப் போகுமென்பதை அறியப் பெருங்கல்வி வேண்டுவதில்லை.

ஆயினும் கருவியை அவ்வாறு தள்ளிவிடல் முறையன்று. 1722 இல், மழையினிடையே நிகழ்ந்த சோதனையில், இதனைக் கொண்டு ஒருவர் 7 நிமிடத்தில் 63 முறை சுட்டார். அக்காலத்துப் பயின்ற போர்வீரனும் நிமிடத்துக்கு மூன்று முறைக்குமேற் சுடுதல் அரிது. எனினும் 1717 இலேயே அரசினர் படைக்கலச் சபையார் இதனைப் பார்த்து வேண்டாவென்றனர். குறை சுழலும் உருளையில் அன்று, தீமூட்டும் முறையிலேயே இருந்தது. சக்கிமுக்கிக் கல்லின் பொறி நம்பத்தக்கதன்று. நுண்ணிய உறுப்புக்களைப் பிசகின்றிப் பலவாகச் செய்தலும் அந்நாட் கம்மியர்க்கு எளிதன்று. தட்டினால் வெடிக்கும் மூடி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தபின்னரே, 1836 இல், சாமுவேல் கோல்ற் என்னும் அமெரிக்கர் சுழலும் அறைகளையுடைய கைத்துப்பாக்கிக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றார்.

பக்கிளோ பங்கு திரட்டித் தம் கருவியை விற்க முனைந்தார். தென்கடற் கம்பனி 1720 இல் வீழ்ந்து பலரை வறியராக்கிய காலம் அது. இத்துப்பாக்கியாற் காயமுறுவோர் அதன் பங்காளர் மட்டுமே என்று இலண்டன் மக்கள் எள்ளி நகையாடினர்.